படுவான்கரைக்கு எட்டாத அறிவித்தல்

பிரதேச சபையின் இணையத்தளம் சபைக்குச் சொந்தமானதல்ல. இதை நம்பி நடந்ததற்காக ஒரு காலத்தில் நான் சபையின் சந்தைப் பகுதிக்கு மாற்றப்பட்டேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், இனி என்னை எங்கும் மாற்ற முடியாது. ஆகவே தளத்தைப் பொறுப்பேற்க வந்திருக்கும் உங்களுக்கு அதையே முதல் வரியாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லப்பட்டிருக்கும். சபையின் வேலைகளை மக்களுக்குக் காட்டுவதுதான் தளத்தின் நோக்கம் என்று பயிற்சி வகுப்பில் எழுதிப் போட்டிருப்பார்கள். அதை எழுதியவர்கள் ஒரு நாளாவது வாசகர் கடிதங்களைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பத்திரிகையிலிருந்து வந்தவள். மட்டக்களப்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபராகச் சில ஆண்டுகள் வேலை செய்தேன். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் எங்கள் பிரதேச சபைக்கு ஒரு கணினி, ஒரு கெமரா, ஒரு இணையத்தளம் ஆகியவை கிடைத்தன. மூன்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தற்காலிக நியமனத்தில் என்னை எடுத்தார்கள்.

முதல் மாதங்களில் தளம் முழுவதும் மாலை போட்ட மனிதர்கள்தான். உதவி நிறுவனத்துக்காரர், அதிகாரி, அதிகாரியின் மேலதிகாரி. அடிக்கல்லுக்கு முன்னால் ஒரு படம், நாடாவை வெட்டும்போது ஒரு படம். நானும் குறை சொல்லாமல் எடுத்துப் போட்டேன். அப்போது குவைத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பரமேஸ். எங்கள் பிரிவில் வாவிக்கரையை ஒட்டிய ஊரைச் சேர்ந்தவர், குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண். அந்த வீட்டுப் பிள்ளை தன் கணினியை இடைக்கிடை தொட விடுமாம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

"மிஸ், மாலை போட்டிரிக்கிற அந்த ஐயாவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அவருக்குப் பின்னால தெரியிறது எங்கட வீட்டு வளவு. கிணறு இரிக்கா இல்லையா எண்டு பார்க்கணும். அம்மாட்டக் கேட்டா எல்லாம் நல்லாயிருக்கு எண்டு பொய் சொல்லுறா."

நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கிணற்றின் கட்டு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே கடல் கொண்டு வந்த மண். பரமேசின் தாய் இராசம்மா பக்கத்தில் நின்று, "படம் எடுக்காத புள்ள, அவள் பார்த்தா அழுவாள்" என்றார். எடுத்தேன். தளத்தில் போட்டேன்.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் சபையின் அதிகாரம் முழுவதும் அவர் கையில்தான் இருந்தது.

"கிணறு என்னத்துக்கு மிஸ்? அதுவும் இடிஞ்ச கிணறு?"

"சபை திருத்தின கிணறு எண்டு போன மாசம் நாங்க போட்டதுல இதுவும் ஒண்டு சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தளத்திலிருந்து படத்தை நீக்கச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கிணற்றுக்கு ஆள் போனது.

அன்றிலிருந்து நான் மாலைகளுக்குப் பின்னால் இருந்ததைப் படம் எடுக்கத் தொடங்கினேன். வெள்ளம் ஏறிய ஒழுங்கை, பாதியில் நின்ற மதகு, பள்ளிக்கூடத்துக் கூரை, சந்தையில் அன்றைய மீன் விலை. காத்தான்குடிக்காரர் கட்டாரிலிருந்து எழுதினார்கள், செட்டிபாளையத்துக்காரர் துபாயிலிருந்து எழுதினார்கள். பார்த்த கையோடு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "மதகடியில தண்ணி நிக்குதாம், பிள்ளைய அந்தப் பக்கம் விடாதங்க" என்றார்கள். எங்கள் பிரிவில் கணினி உள்ள வீடுகள் மிகக் குறைவு. எங்கள் தளம் கடல் கடந்து போய், தொலைபேசி வழியாக ஊருக்குத் திரும்பி வந்தது. இந்தச் சுற்றை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டி எழுதியிருக்கவில்லை. தளம் வளர்ந்தது இப்படித்தான்.

இனி நான் சொல்ல வந்த சம்பவம்.

வடக்கில் போர் முடிந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கம் அதற்கு முன்பே சண்டை ஓய்ந்திருந்தது, ஆனால் துவக்குகள் ஓயவில்லை. பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. வாவி நிரம்பி, வட்டைகள் என்று நாங்கள் சொல்லும் தாழ்ந்த வயல்வெளிகளில் நெற்பயிர் தண்ணீருக்குள் நின்றது.

இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். வாவி கடலில் விழும் இடத்தைக் கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் வாவி நிரம்பினால் அந்த மணல் மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுதல் என்கிறோம். பயிரைக் காப்பாற்ற முந்தி வெட்டு என்பார் விவசாயி. இறால் வளரவில்லை, பிந்தி வெட்டு என்பார் மீனவர். இரு தரப்பையும் கூப்பிட்டு, இரைச்சலோடு கூட்டம் வைத்து, நாள் குறிப்பார்கள். நாள் குறித்தால் வலைக்காரருக்கு ஒரு பகல் அவகாசம் கொடுப்பார்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வாவி ஒடுங்கும் இடத்தில் கம்பு நட்டு இறால் வலை கட்டியிருப்பவர்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கரையேற்றுவார்கள். ஏனென்றால் வாய் திறந்ததும் ஓடும் ஓட்டம் கம்பையும் வலையையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். விடியலில் வலை பார்க்கப் போகும் சிறு தோணியையும் அது விடாது.

அன்று பின்நேரம் செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், நாளைக்குக் காலைல ஆத்துவாய் வெட்டுறம். விடிய முந்தியே மண் வெட்டுற பெக்கோ மெசின் வந்திரும். முதல் மண்ண மேலிடத்தில இருந்து வாற விருந்தினர் வெட்டுவார். கெமராவோட வந்திருங்க."

வட்டைக்குள்ளே போகும் புதிய வீதியை அந்த விருந்தினர் அதே வாரம் திறந்து வைக்க இருந்தார். வீதி முழங்கால் தண்ணீரில் கிடந்தது, விழாவுக்கு முன் அது வடிய வேண்டும்.

"மீன்பிடிச் சங்கத்துக்குச் சொல்லியாச்சா சேர்?"

"சொன்னா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? வந்து மண்மேட்டில குந்திருவானுகள். சுத்திவர துவக்கோட நிக்கிறாங்க. ஒரு கல் விழுந்தா மறுகா யார் பதில் சொல்லுற?"

"வலையெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கிது சேர்."

"வலை போனா வலை வாங்கலாம் மிஸ்."

"நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

அவர் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "வெட்டி முடிஞ்ச பிறகு தளத்தில போடுங்க. படத்தோட. மேலிடத்து உத்தரவு, நான் ஒண்டும் செய்ய ஏலாது."

அவரைக் கெட்டவராக எழுதி முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி எழுதப் போவதில்லை. வெட்ட வேண்டியது உண்மைதான், பயிர் அழுகத் தொடங்கியிருந்தது. துவக்குக்கு முன்னால் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்ற பயமும் உண்மைதான். நாங்கள் இருவரும் அப்படிப்பட்ட காலைகளைப் பார்த்தவர்கள். பிழை ஒன்றுதான்: தண்ணீருக்குள் போகப் போகிறவனிடம் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஊருக்குள் ஓடிப்போய் இரண்டு பேரிடம் காதில் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் காதில் சொல்லப்பட்டதெல்லாம் வதந்தி. கடல் மறுபடி வருகுது என்று வாரத்துக்கு ஒருமுறை ஊர் ஓடியது. வதந்தியை நம்பி யாரும் வலையை அவிழ்க்க மாட்டார்கள். தளத்தில் வந்தால் அது வேறு. அதில் மீன் விலை பொய் சொன்னதில்லை, மதகுத் தண்ணீர் பொய் சொன்னதில்லை. இத்தனை காலம் சேர்த்து வைத்த நம்பிக்கையை எதற்குச் செலவழிப்பது, விருந்தினரின் படத்துக்கா?

செயலாளரின் பயத்துக்கும் அதில் பதில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதியது இவ்வளவுதான்: "நாளை காலை ஆற்றுவாய் வெட்டப்படும். ஓட்டம் பலமாக இருக்கும். இன்று பொழுது படுமுன் வலைகளைக் கரையேற்றவும். விடியலில் தோணி இறக்க வேண்டாம். மண்மேட்டுக்கு யாரும் வர வேண்டாம்." முகப்பில் வேறு எதுவும் இல்லாமல் இதை மட்டும் விட்டேன். கணினியை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழி வாவிக்கரை. சைக்கிளை மெதுவாகவே மிதித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வீட்டுக்குள் தொலைபேசி மணி கேட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. ஒரு ஆள் சாரத்தை மடித்துக் கட்டியபடி கரைக்கு ஓடினார். பின்னால் இரண்டு பேர். இராசம்மாவின் வீட்டடியில் இறங்கினேன். பரமேசின் உழைப்பில் வாங்கிய வலைகளை இராசம்மாவின் மருமகன்தான் பார்த்துவந்தார். அவர் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தார். இராசம்மா கரையில் நின்று அவருக்கும் வாவிக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"குவைத்தில இரிக்கிறவள் சொல்லித்தான் எங்கட ஆத்துவாய் வெட்டுறது எங்களுக்குத் தெரியணுமா? காதுக்குள்ள கத்துறாள், 'அம்மா வலைய எடு, வலைய எடு' எண்டு. நான் சமைச்சிட்டு நிக்கன், சட்டியும் கரிஞ்சி போச்சி. வாங்க புள்ள, இதப் பிடிங்க."

என் கையில் ஈரவலையின் ஒரு முனையைத் தந்தார். பிடித்தேன். கரை முழுவதும் வலை ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மண்மேட்டுக்கு யாரும் வரவில்லை. விருந்தினர் மண்வெட்டியைத் தூக்கி, பார்க்க ஆள் இல்லாத மணலில் ஒருமுறை போட்டார். பிறகு பெக்கோ வெட்டியது. தண்ணீர் முதலில் ஒரு சிறு வாய்க்காலாக நெளிந்து, பிறகு இரு கரையையும் தின்றுகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. செயலாளர் என் பக்கத்தில் வந்து, கடலைப் பார்த்தபடி சொன்னார்: "தளத்தின்ட கடவுச்சொல்ல எழுதித் தாங்க."

"எழுத்தில கேளுங்க சேர், தாறன்."

கேட்டிருந்தால் காரணத்தையும் எழுத வேண்டியிருந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கெட்டித்தனத்தைச் சொல்லி உங்களுக்கு என்ன லாபம்?

அன்று மத்தியானம் படுவான்கரையிலிருந்து செய்தி வந்தது. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் நாங்கள் எழுவான்கரை. மேற்கே, பொழுது படும் பக்கம் படுவான்கரை. போர் நீண்ட காலம் தங்கியிருந்துவிட்டுப் போன இடம். மின்சாரம் இல்லை. பல ஊர்களில் தொலைபேசியும் இல்லை. குவைத்துக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்க வழியில்லாதவர்கள். அவர்களும் அதே ஒடுங்கிய இடத்தில்தான் வலை கட்டியிருந்தார்கள். அத்தனையும் போய்விட்டது. சாமித்தம்பி என்பவரின் தோணி கவிழ்ந்து, அவர் கண்டல் மரம் ஒன்றைப் பிடித்துத் தொங்கி, கை முறிந்து கரையேறியிருந்தார்.

நான் பத்திரிகையில் இருந்தபோது ஒரு செய்தி ஆசிரியர் இருந்தார். அச்சு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போவோம், அவர் மட்டும் பஸ் நிலையத்துக்குப் போவார். பத்திரிகைக் கட்டு எந்த பஸ்ஸில் ஏறியது, எந்தச் சோதனைச்சாவடியில் இறக்கப்பட்டது என்று விசாரிப்பார். இறக்கப்பட்டிருந்தால், "இண்டைக்கு அந்த ஊருக்கு நாங்க பேப்பர் அடிக்கல்ல" என்பார். அச்சடித்துக் குவித்த பிறகும் அப்படித்தான் சொல்வார். அவருடைய பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம்.

சேதத்தைப் பற்றி விசாரிக்க ஒரு கூட்டம் கூட்டினார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாகத் தகவல். அதற்கு முதல்நாள் செயலாளர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். அதுவரை அந்த அறையில் எனக்குத் தேநீர் வந்ததில்லை.

"நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க மிஸ். சபையக் காப்பாத்திட்டீங்க."

அவருக்கு முன்னால் என் அறிவித்தல் அச்சாகிக் கிடந்தது. நாளும் நேரமும் மேலே தெளிவாகத் தெரிந்தன.

"முதல் நாளே அறிவிச்சம். வலைய எடுக்காதது அவங்கட கவலயீனம். சபைக்கு ஒரு பொறுப்புமில்ல, நட்டஈடும் இல்ல. விளங்குதா? நீங்க ஓம், நான்தான் போட்டன் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்." பிறகு, வேறொரு விடயம் போல, "உங்கட நிரந்தர நியமனம் என்ட மேசையிலதான் இரிக்கி" என்றார்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். நன்றாக இருந்தது.

கூட்டத்துக்குப் படுவான்கரையிலிருந்து ஏராளமானோர் வந்திருந்தார்கள். சாமித்தம்பி முறிந்த கையைத் துணியில் தொங்கவிட்டு முன்வரிசையில் இருந்தார். செயலாளர் அச்சுத்தாளைத் தூக்கிக் காட்டினார்.

"சபை முதல் நாளே அறிவிச்சிரிக்கி. இஞ்ச பாருங்க, நேரமும் இரிக்கி."

சாமித்தம்பி எழும்பினார். "எங்க சேர் போட்டீங்க?"

"இணையத்தளத்தில."

"எங்கட பக்கம் கரன்ட் தூணே இன்னும் நடல்ல. நாங்க என்ன, மின்மினி வெளிச்சத்திலயா பார்க்கிற?"

பின்னால் சிரிப்பு. அது நல்ல சிரிப்பாக இல்லை. மாவட்டத்து அதிகாரி கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "மிஸ், இந்த அறிவித்தல நீங்கதானே போட்டீங்க?"

"ஓம் சேர். நான்தான் போட்டன்."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா சபை போடல்ல. வெட்டி முடிஞ்ச பிறகு போடச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு. சங்கத்துக்கும் சொல்லல்ல, ஒலிபெருக்கியும் போகல்ல. எங்கட கரைக்குத் தெரிஞ்சது குவைத்தில இருந்து பிள்ளைகள் கோல் எடுத்ததால. இவங்களுக்குக் கோல் எடுக்க அங்க ஆக்களில்ல. இவங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கல்ல சேர். இந்தத் தாளக் காட்டி அறிவிச்சம் எண்டு சொல்ல ஏலாது."

செயலாளர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். மிஸ் என்ற சொல் அதில் இல்லை. அதிகாரி அவரைப் பார்த்து, "அவ சொல்லி முடிக்கட்டும்" என்றார். நான் சொல்லி முடித்துவிட்டேன் என்றேன்.

வலைகளைச் சபையும் மாவட்டமும் சேர்ந்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்தபோது சாமித்தம்பி வாசலில் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கட கரைக்குச் சொல்லணும் எண்டு மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கி, என்ன?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோணித்துறைப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்த மாதமே தளம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. இந்த முறை எழுத்தில் கேட்டார்கள், கடவுச்சொல்லை எழுத்தில் கொடுத்தேன். நிரந்தர நியமனம் சில ஆண்டுகள் தள்ளிப் போனது. தளமும் பிறகு வேறொரு செயலாளரின் காலத்தில் திரும்பி வந்தது. சந்தைப் பகுதியில் இருந்த நாட்களில் நான் ஒன்றையும் இழந்ததாக நினைக்கவில்லை. மீன் விலை அங்கேயும் தெரிந்தது.

உங்களிடமும் இந்தத் தேநீர் ஒருநாள் வரும். நீங்கள் தடையை மீறிச் செய்த நல்ல காரியத்தை, தடுத்தவரே தன் பெயரில் எழுதிக்கொள்ள வருவார். அதை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை போலத் தோன்றும். அந்தப் பெருந்தன்மைக்கான விலையை வேறு ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கும். தேநீரைக் குடியுங்கள். தாளை விடாதீர்கள்.

அடுத்த மாரியில் ஆற்றுவாய் வெட்டிய காலை, சந்தையில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் மண்மேட்டுக்குப் போனேன். கையில் கெமரா இல்லை. இரு கரைச் சங்கங்களும் சரி என்று சொன்ன பிறகே வெட்ட வேண்டும் என்று புதிதாக ஒரு உத்தரவு வந்திருந்தது. படுவான்கரைக்காகச் சாமித்தம்பி வந்திருந்தார். பெக்கோ மண்ணில் கையை ஊன்றி உறுமிக்கொண்டு நின்றது. விருந்தினர் வாகனத்துக்குள் இருந்தார்.

சாமித்தம்பி வாவிப் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். தூரத்தில், கண்டல் மரங்களுக்கு அப்பால் ஒரு தோணி.

"நிப்பாட்டுங்க" என்றார்.

சாரதி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வாகனத்தைப் பார்த்தார். பிறகு சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். கடல் சத்தம் மட்டும் இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியது. வாகனத்தின் கண்ணாடி இறங்கி, உள்ளிருந்து ஏதோ கேட்டது. செயலாளர் ஓடிப் போய்க் கேட்டு, திரும்பி ஓடி வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் எண்டு கேக்கிறார்."

சாமித்தம்பி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தோணி கரைக்கு வரும் வரைக்கும், சேர்."